கூடைக் கட்டி

அது விரலுக்குக் கீழே நழுவும். அழுத்தினால் கொஞ்சம் அந்தப் பக்கம் போகும், விட்டால் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். உரித்த பலாக்கொட்டை அளவுதான், ஆனால் அதைவிட மெத்தென்று இருக்கும். அம்மாவின் வலது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில் இருந்த அந்தக் கட்டியை உருட்டிக்கொண்டுதான் சின்ன வயதில் நான் தூங்குவேன். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், 'காம்பரா' என்கிற ஒற்றை அறை வீட்டில், குளிருக்கு அம்மாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு படுக்கிற ஒரே பிள்ளைக்கு அது எட்டாத இடமில்லை. கையைத் தட்டிவிட்டு, "சும்மா படு புள்ள" என்பாள். கொஞ்ச நேரத்தில் அவளே தூங்கிவிடுவாள்.

வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தில் அதற்குப் பெயர் 'கூடைக் கட்டி'. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் இருக்கும், கூடை முதுகில் தொங்கும், அதன் விளிம்பு நாள் முழுக்க உரசுகிற இடத்தில்தான் அம்மாவின் கட்டி இருந்தது. ஆகவே கூடைதான் காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கூடையே தூக்காத என் அப்பாவின் முழங்கையில் அதே மாதிரி சின்னதாக ஒன்று இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கொழுந்து பறிக்கிறவளுக்கு விரலில் கறை இருக்கும், காலில் அட்டை கடித்த வடு இருக்கும், முதுகில் ஒரு கட்டியும் இருக்கட்டுமே என்று அம்மா அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை.

அவளைப் பயம் பிடித்துக்கொண்டது பாக்கியம் அக்கா செத்த பிறகுதான். கீழ் லயத்துப் பாக்கியம் அக்காவுக்கு மார்பில் கட்டி. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல், கம்பளிக்குள்ளேயே மறைத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய் வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. சாவு வீட்டிலிருந்து திரும்பிய பெண்கள் தண்ணீர் கொட்டும் பீலியில் தலைமுழுகும்போது ஒருவர் உடம்பை ஒருவர் பார்த்தார்கள். அம்மாவின் முதுகைப் பார்த்ததும் எல்லாரும் அவளைச் சுற்றி வந்து நின்றார்கள். அதுவரை எல்லாருக்கும் தெரிந்த கூடைக் கட்டி, அன்றைக்கு வேறு கட்டியாகிவிட்டது.

பக்கத்துக் காம்பரா செல்வமணி அக்காதான் கைவைத்தியம் சொன்னார். "சுண்ணாம்பும் சவுக்காரமும் கொழச்சு ஒரு பத்துப் போடு. பழுத்து ஒடஞ்சு போயிரும்." முள் குத்திச் சீழ் வைத்தால் போடுகிற சோப்புப் பத்து அது. சீழே இல்லாத கட்டி எதைப் பழுக்க வைக்கும்? கட்டி அசையவில்லை, மேலே இருந்த தோல்தான் வெந்துபோனது. வெந்த இடத்தில் கூடை உரச, ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொள்ள, சில நாளில் அது சிவந்து நீர் வடியும் புண்ணாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் கெட்ட கட்டி 'வாய் வைத்துவிட்டது' என்றார்கள். செல்வமணி அக்கா அதற்குப் பிறகு எங்கள் வாசலைத் தாண்டும்போது குனிந்துகொண்டே போனார். பாவம், நல்லது நினைத்துத்தான் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காய் துருவிக்கொண்டே அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "எனக்கு ஒண்ணுன்னா புள்ளைய லிந்துலைக்கு அனுப்பிடுங்க. அக்கா பாத்துக்குவா. நீங்க வேற கட்டுங்க கட்டாமப் போங்க, அது ஒங்க இஷ்டம். புள்ள மட்டும் இங்க கெடக்கக் கூடாது."

"வாயக் கழுவு" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் அங்கேதான் இருந்தேன். என்னை மறைத்துப் பேசவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

லிந்துலையில் பெரியம்மா இருந்தார். பெரியப்பாவுக்குக் கடைத்தெருவில் தையல் கடை. பிள்ளை இல்லை. சேதி கேட்டு வந்த பெரியம்மா எனக்கு இரண்டு கவுன் தைத்துக் கொண்டுவந்தார். இரண்டும் என் கணுக்காலைத் தொட்டன. "வளர்ற புள்ளதானே" என்று அவர் சொன்னபோது, இந்தக் கவுன் எனக்குச் சரியாகிற நாளில் நான் எந்த வீட்டில் இருப்பேன் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். என்னை விட்டுவிட்டுப் போகப் பார்த்தார்கள். நான் அம்மாவின் சேலையை விடவில்லை. டொக்டர் சிங்களவர், இளவயதுக்காரர், தோட்டத்து ஆட்களிடம் பேசிப் பேசிக் கற்றுக்கொண்ட தமிழ். புண்ணைச் சுற்றி மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எவ்வளவு காலம் இருக்கு? பெருசா வந்திச்சா?"

"முதுகுல இருக்குறத நான் எப்புடிங்க ஐயா பாக்குறது" என்றாள் அம்மா. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

"வளரல" என்றேன் நான்.

டொக்டர் என்னைப் பார்த்தார். "எப்படித் தெரியும்?"

"படுக்கையில தொட்டுக்கிட்டேதான் தூங்குவேன். எப்பவும் இதே அளவுதான். புண்ணு வர்றதுக்கு முந்தி இப்புடி நழுவும்." விரலால் காற்றில் உருட்டிக் காட்டினேன். கல்லு மாதிரி ஆனதா, தொட்டால் அம்மா வலிக்குது என்றாளா என்று கேட்டார். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்விக்கும் நான் அவ்வளவு நிச்சயமாகப் பதில் சொன்னதில்லை.

அவர் கதிரையை இழுத்து அம்மாவின் முன்னால் உட்கார்ந்தார். "பயம் வேணாம் அம்மா. இது கொழுப்பு. தோலுக்குக் கீழ ஒரு இடத்தில சேந்து இருக்கு. கூடையால வந்தது இல்ல, கேன்சரும் இல்ல. புண்ணு, சுண்ணாம்பால வந்தது. அது ஆறட்டும். கூடைக்கு இடைஞ்சல்னா பொறகு எடுக்கலாம், இல்லாட்டி அப்படியே வச்சுக்கலாம்." திடீரென்று பெருத்தாலோ, கெட்டியானாலோ, வலித்தாலோ உடனே வரவேண்டும் என்றார். மார்பில் கட்டி என்றால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது, எல்லாப் பெண்களுக்கும் போய்ச் சொல்லுங்கள் என்றார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே அழுதாள்.

புண் ஆறியதும் கட்டியை எடுத்தார்கள். அந்த இடத்தை மட்டும் ஊசி போட்டு மரக்கவைத்து, சின்னதாகக் கீறி, பிதுக்கி எடுத்து, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தட்டில் வைத்துக் காட்டினார்களாம், மஞ்சளாக, ரொட்டிக்குப் பூசும் மாஜரின் மாதிரி இருந்ததாம். எதற்கும் இருக்கட்டும் என்று பரிசோதனைக்கு அனுப்பியதன் முடிவும் நல்லதாகவே வந்தது. "ரொட்டியும் சம்பலும் திங்குற ஒடம்புல கொழுப்பு எங்கேருந்துடி வந்துச்சு, எங்களுக்குத் தெரியாம என்ன சாப்புடுற?" என்று லயமே கேலி செய்தது. தையல் பிரிக்கும்வரை அம்மா கூடை தூக்காமல் 'புள்ளைக் காம்பரா'வில் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டினாள். எனக்குத்தான் கொஞ்ச நாள் கைக்கு வேலை இல்லாமல் தூக்கம் வரவில்லை.

பெரியம்மா வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். சந்தோஷ அழுகைதான், அதில் பொய் இல்லை. கவுன்களைத் திருப்பிக் கேட்கவில்லை. "பெருசா தைச்சது நல்லதாப் போச்சு, ரொம்ப நாளைக்கு வரும்" என்று என் தலையைத் தடவிவிட்டு பஸ் ஏறினார். அவருடைய காம்பராவில் எனக்கென்று ஒரு மூலையை ஒதுக்கி, சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கி வைத்திருந்தார் என்பதைப் பிற்பாடு பெரியப்பா சொல்லித்தான் தெரியும்.

பல வருஷங்களுக்குப் பிறகு அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். மூங்கில் கூடைகள் குறைந்து, கொழுந்து இப்போது நைலோன் பைகளில் போகிறது. கூடைக் கட்டி என்று சொன்னால் நான் படிப்பிக்கிற வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியாது. அப்பா இல்லை, பெரியம்மா இல்லை, செல்வமணி அக்கா மகனோடு வவுனியாப் பக்கம் போனவர் அங்கேயே காலமானார். அம்மா ஹட்டனில் என்னோடு இருக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அவளுக்கு முதுகு தேய்த்துவிடும்போது சுருக்கங்களுக்கு நடுவே அந்தத் தழும்பைத் தேடவேண்டியிருக்கிறது.

போன வாரம் அப்படித் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா திடீரென்று சொன்னாள்: "அன்னைக்கு அது கெட்ட கட்டியா இருந்திருந்தா நீ லிந்துலைல டவுன் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்ப. இங்கிலீசெல்லாம் பேசிப் பெரிய ஆளா வந்திருப்ப. என்னாலதான் இங்கயே கெடந்துட்ட."

இத்தனை வருஷமாக அவள் இதையா மனசில் வைத்திருந்தாள் என்று நான் திகைத்துப்போனேன். "கைய தூக்கு" என்று மட்டும் சொன்னேன். தூக்கினாள். அக்குளையும் மார்பையும் எப்போதும் போலத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.