கறுப்பு மார்க்கர் பூசிய கட்டம்

என்னிடம் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் இருக்கிறது. அதில் கதையைவிடக் கறுப்பு மைதான் அதிகம். பூசியவர், சவூதியின் ஜுபைலில் எங்கள் தொழிலாளர் விடுதியை மேய்த்த கேம்ப் பாஸ். மன்னார்குடிப் பக்கத்துக்காரர்.

லீவு முடிந்து வருகிறவர்கள் ஊறுகாய் கொண்டுவருவார்கள். நான் முகமூடி வீரன் கதைகளைக் கட்டாகக் கொண்டுவருவேன். முப்பது வயதுப் பைப் ஃபிட்டருக்கு இருந்த ஒரே அறிவுத்தாகம் அது. கேம்ப் பாஸும் தன் மகனுக்கு லீவில் போகும்போதெல்லாம் இவற்றைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பையன் வளர்ந்து படிப்பை விட்டான். பிறகு அப்பாவிடம் பேசுவதையும் விட்டான். பிள்ளைகளைக் கெடுப்பது இந்தப் புத்தகங்களின் மறைபொருள்தான் என்று யாரோ ஒரு வீடியோவில் சொல்ல, மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். என் கட்டு அவர் மேசைக்குப் போயிற்று. பக்கம் பக்கமாகத் தேடுவார். சந்தேகம் வந்த கட்டத்தை மார்க்கரால் அடைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மெஸ்ஸில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, முகமூடி வீரனையும் அவன் கூட்டாளியையும் பற்றிப் பிரசங்கமே செய்தார். “ரெண்டு ஆம்பள, ஒரே வீடு. பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. அவனுவளே ஆக்கித் திங்கிறானுவ. இதுல என்னமோ இருக்குடா!”

நான் சும்மா இருப்பேனா? “அண்ணே, எங்க ரூம்ல ஆறு பேரு இருக்கோம். எங்களையும் மார்க்கர் போட்டு அழிச்சிடுங்க.”

மெஸ்ஸே அதிர்ந்தது. அவரும் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். “நானும் இருவது வருசமா அப்படித்தான்டா கெடக்குறேன்” என்றார். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, வழக்கம்போல மகனுக்கு ஃபோன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. “டூட்டில இருப்பான்” என்றார். பையனுக்கு அப்போது வேலையே கிடையாது.

அவர் கணக்கு முடித்து ஊருக்குக் கிளம்பிய அன்று என் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். “எல்லாத்தையும் பாத்துட்டேன்டா. ஒண்ணும் ஆம்புடல.”

நான் இன்னும் ஜுபைலில்தான் இருக்கிறேன். இப்போதெல்லாம் என் மகன் ஃபோனை எடுத்தால் “ம், சொல்லுங்க” என்கிறான். நானும் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். இன்று அப்படி வைத்தபின் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் மைக்கு அடியில் படம் மங்கலாகத் தெரிகிறது. கத்தி இல்லை, முத்தம் இல்லை. பெட்டியோடு ஒருவன் வாசலில் நிற்கிறான். உள்ளேயிருந்து ஒரு சிறுவன் ஓடிவருகிறான். புத்தகம் முழுக்கப் பார்த்தால், அங்கேதான் மை கெட்டியாக இருக்கிறது.