வெறுமனே திரும்பாத தூக்குவாளிகள்

சாம்பாரைப் பையில் கட்டுவதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை எனக்கு இருந்தது. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய வெள்ளைப் பையை உதறி வாய் திறந்து, ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றி, கூடவே கொஞ்சம் காற்றையும் உள்ளே பிடித்துவைத்து, நூலைச் சுற்றிச் சுண்டினால் பை பந்து போல நிற்கும். ஒரு சொட்டு கசியாது. எதிர்ச் சாரியில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன், "இத்த வெச்சு கிரிக்கெட்டே ஆடலாம்பா" என்பார். இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் நான் ஒன்று விடாமல் மனதில் போட்டுவைப்பேன். படித்தது கொஞ்சம், கேட்டது நிறைய என்கிற ஆள் நான்.

கடை என் அக்காவுடையது. கோலாரில் தங்கச் சுரங்க வேலை நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தபோது, மாமா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பெங்களூருக்கு வந்துவிட்டார். அடுகோடியில் ஓசூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அக்கா மெஸ் போட்டாள். மாமா உள்ளே அடுப்பைப் பார்ப்பார். நான் வாசலில் பார்சலைப் பார்ப்பேன். உட்கார்ந்து சாப்பிட ஒரே ஒரு பெஞ்சுதான். ஆகவே கடை என்றால் பார்சல், பார்சல் என்றால் பை. பட்டறைக்காரர்கள், தையல் வேலைக்குப் போகிறவர்கள், பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிக் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் பையன்கள், எல்லாருமே கையில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்கள்தான்.

அந்தப் பைகள் அப்புறம் எங்கே போகின்றன என்று நாங்கள் யோசித்ததே இல்லை. ஒரு மழைநாளில் அவை தாமாகவே வந்து சொல்லின. சாயங்காலம் கொட்டிய மழையில் சந்தின் சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் படியேறிக் கடைக்குள் வந்துவிட்டது. அதில் மிதந்து வந்தவை வெள்ளைப் பைகள். சிலவற்றின் கழுத்தில் என் நூல் சுற்று அவிழாமல் அப்படியே இருந்தது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தால் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோய்ச் சொன்னாள்: "பாருடா, நீ கட்டி அனுப்பினதுங்க எல்லாம் ஊரைச் சுத்திட்டு நம்ம வீட்டுக்கே வந்துடுச்சி."

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் சட்டம் வந்தது. மெல்லிய பிளாஸ்டிக் பைகளை யாரும் விற்கக்கூடாது, கொடுக்கவும் கூடாது என்று ரேடியோவில் சொன்னார்கள். ரேடியோவில் சொல்வதெல்லாம் எங்கள் சந்துக்குள் நுழைய நாளாகும் என்று நாங்கள் தெம்பாக இருந்தோம். மாநகராட்சி சுகாதார அதிகாரி ஒருநாள் காலையில் நேராகக் கடைக்கு வந்து நின்றார். கன்னடக்காரர், உயரமானவர், சிரிக்காத முகம். என் பைக்கட்டிலிருந்து ஒன்றை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, துணிக்கடையில் பட்டுப் பார்க்கிறவர் மாதிரி தேய்த்துப் பார்த்தார்.

"இது நடியல்லம்மா" என்றார். இது நடக்காது என்பதைக் கன்னடத்தில் அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பைக்கட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அபராதம் போடவில்லை. ஆனால் அடுத்த தடவை வரும்போது இதில் ஒரு பை கண்ணில் பட்டாலும் கடைக்குப் பூட்டுதான் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். கத்திச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

கனமான பைகளுக்குத் தடையில்லைதான். ஆனால் அவற்றின் கழுத்தில் நூல் நிற்காது, வழுக்கிக்கொண்டு அவிழும். வாங்கிப் பார்த்த அன்றைக்கே ஒரு வாடிக்கையாளரின் ஸ்கூட்டர் சாம்பாரில் குளித்தது. என் கைவேலை அத்தோடு போயிற்று. எனக்கு உள்ளூர வருத்தம்தான். அக்கா அதையெல்லாம் சட்டை செய்யவில்லை.

"உங்க மாமா சொரங்கத்துக்கு இத்தினி வருசம் தூக்குலதான சோறு எட்த்துகினு போனாரு? பூமிக்கு அடியில போயிட்டு வந்த தூக்கு, இந்தத் தெருவுல போவாதா?" என்றாள்.

எல்லாரையும் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவரச் சொன்னோம். ஆண்பிள்ளைகளுக்குக் கூச்சம். லேத் அண்ணன், காலையில் வெறும் தூக்கோடு நடந்தால் பால்காரன் என்று நினைத்து வழியில் நிறுத்திவிடுகிறார்கள் என்றார். அறைப் பையன்களிடம் குளிக்கிற பக்கெட்டைத் தவிர வேறு பாத்திரமே இல்லை. இரண்டு மூன்று நாளில் பார்சல் பாதியாகக் குறைந்தது. அப்போதுதான் அக்கா பரணிலிருந்து சாக்கு மூட்டையை இறக்கச் சொன்னாள்.

உள்ளே இருந்தவை அவளுடைய கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தூக்குவாளிகள். கோலாரில் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் யார் கல்யாணம் என்றாலும் பாத்திரம்தான் மொய். ஒவ்வொரு தூக்கின் வயிற்றிலும் புள்ளிப் புள்ளியாக எழுத்து வெட்டியிருக்கும்: இன்னார் அன்பளிப்பு, இன்ன நாள். மாமாவோடு ஒரே ஷிப்டில் இறங்கியவர்கள், பக்கத்து லைன்காரர்கள், சர்ச்சுக்காரர்கள் என்று அத்தனை பேரும் அந்த மூட்டைக்குள் இருந்தார்கள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மாமா, "எங்க மொத்த ஷிப்டையும் மறுபடி வேலைக்கு எறக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு அடுப்புக்குப் போனார்.

இனி சாம்பார் இதில்தான், மறுநாள் தூக்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. முன்பணம் வாங்கலாமே என்று நான் சொன்னதற்கு, சாப்பிடுகிறவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டு சோறு போட முடியாது என்றுவிட்டாள். முதல் நாள் பார்க்க அழகாக இருந்தது. சந்து நெடுக மத்தியான வெயிலில் தூக்குகள் மின்னிக்கொண்டு போயின. கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

போனவை வரவில்லை.

முதலில் மறந்திருப்பார்கள் என்று விட்டோம். அலமாரி வரிசை வரிசையாகக் காலியானது. கேட்டால் ஒவ்வொருவரும், "வரும்பா, வரும்" என்று ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். அந்தச் சிரிப்புதான் அக்காவை உறுத்தியது. எடுத்துக்கொண்டவர்கள் சிரிக்கிற சிரிப்பாக அதை அவள் நினைத்துவிட்டாள். கடைசியில் அலமாரியில் ஒரே ஒரு தூக்கு மிச்சம். பை கிடையாது, பாத்திரமும் கிடையாது; பார்சல் வாங்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அந்த வாரம் பார்த்துப் பை வியாபாரி ஒருவன் வந்து, பழைய சரக்கு இருக்கிறது, கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனான்.

அக்கா அவனை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்: "பையை வெச்சா அவர் பூட்டிடுவாரு. வெக்கலன்னா நானே பூட்டிடணும். போன பாத்திரம் போவட்டும்டா. அதுல பேர் வெட்டிக் குடுத்த ஜனத்துக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?"

மறுநாள் அவளிடம் சொல்லாமல் லேத் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அடுத்த தெருவில்தான் வீடு. அண்ணன் இல்லை, அவர் மனைவி இருந்தார். தயங்கித் தயங்கித் தூக்கைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மா உள்ளே திரும்பிக் கையைக் காட்டினார். சாமி படத்துக்குப் பக்கத்தில், அலமாரியின் நட்ட நடுவில், எங்கள் தூக்கு உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டில்கூட அது அப்படிப் பளபளத்ததில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா" என்றார். "வெறும் பாத்திரத்த எப்பிடித் திருப்பிக் குடுக்கறது? அதுவும் பேர் வெட்டின சீர்ப் பாத்திரம். இவருக்குப் பட்டறையில காசு வரட்டும், ஒரு பாயசமாவது வெச்சு ஊத்தி அனுப்பலாம்னு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே ஆரம்பித்து வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே கதை. ஒரு மெக்கானிக் பாயின் வீட்டில், பெருநாளுக்குப் பாலும் சேமியாவும் போட்டு ஷீர் குர்மா வைத்து அனுப்புவதாகத் தூக்கைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். பெருநாளுக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. தையல் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி, ஊரிலிருந்து அம்மா முறுக்கு கொண்டுவரட்டும் என்று காத்திருந்தாள். அறைப் பையன்களின் நிலைமைதான் பரிதாபம். அவர்களிடம் மூன்று தூக்கு சேர்ந்திருந்தது. வெறும் பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மரியாதை இல்லை என்று வீட்டுக்காரக் கன்னட அம்மா கண்டித்திருக்கிறாள். அவர்களில் ஒருவனுக்கும் சமைக்கத் தெரியாது. "நாங்க மேகி மட்டும்தான் சார் பண்ணுவோம், அதைப் போட்டுக் குடுக்கலாமா?" என்று ஒருவன் நிஜமாகவே கவலையோடு கேட்டான்.

திரும்பி வந்து அக்காவிடம் ஒவ்வொரு வீடாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தாள். முகத்திலிருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. திடீரென்று நிமிர்ந்து எங்கள் சமையலறைப் பரணைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அங்கே பக்கத்து வீட்டுக்காரர்களின் எவர்சில்வர் டப்பா ஒன்று இருந்தது. தீபாவளிப் பலகாரம் வைத்துக் கொடுத்தது. நல்ல நாளில் அதிரசம் சுட்டு அதில் போட்டுக் கொடுக்கலாம் என்று அக்காவே மாதக்கணக்கில் வைத்திருந்தாள்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மாமா கரண்டியோடு வந்து என்ன என்று கேட்டதற்கு, பரணைக் காட்டினாள்.

ஆனால் சிரித்து முடித்தால் தூக்கு வந்துவிடாதே. வெறுமனே திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை; அக்காவே கேட்க மாட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "எல்லார் வூட்டுக்கும் போய்ச் சொல்லு. பாயசமும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரு கொத்து கருவேப்பில போட்டு அனுப்பினாப் போதும். அக்காவே வாய் தொறந்து கேட்டாங்கன்னு சொல்லு."

கேட்டு வாங்கினால் அப்புறம் யாருக்கும் குறை இல்லையல்லவா? மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள் வாசலில் தூக்குகள் காத்திருந்தன. மூடியைத் திறந்தால் ஒவ்வொன்றிலும் பச்சையாக ஒரு கொத்து. கொல்லையில் மரம் உள்ளவர்கள் கிளையாகவே ஒடித்துப் போட்டிருந்தார்கள். அறைப் பையன்கள் மார்க்கெட்டில் பெரிய கட்டாக வாங்கி, மூன்று தூக்கிலும் மூடி மூடாத அளவுக்குத் திணித்து அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் கறிவேப்பிலை வாங்கியதே இல்லை. தெரு கொடுத்ததைத் தாளித்து, தெருவுக்கே ஊற்றினோம். சாம்பார் முன்னைவிட மணக்கிறது என்று பேச்சு கிளம்பியது. அடைபட்டுக் கிடந்த சாக்கடையும் அந்த மழைக்காலத்தில் ஓரளவு மரியாதையாக ஓடியது.

அதிகாரி மறுபடி வந்தார். கல்லாவுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டார். மூலையில் கிடந்த மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். எங்கே கை வைத்தாலும் கறிவேப்பிலைதான் வந்தது. கடைசியில் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, சாம்பார் ஒரு பார்சல் கிடைக்குமா என்று கேட்டார். இனாமாக வாங்க மாட்டேன் என்று காசைக் கொடுத்துவிட்டு, ஒரு தூக்கோடு ஜீப்பில் ஏறினார்.

அந்தத் தூக்கு மட்டும் வரவில்லை. நாள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆபீசுக்குப் போய் விசாரிக்கட்டுமா என்று நான் கேட்டால் அக்கா அடக்கிவிடுவாள். "சும்மா இர்றா. அவங்க வூட்ல இன்னா போட்டுக் குடுக்கறதுன்னு யோசிச்சிகினு இருப்பாங்க. கருவேப்பில சமாச்சாரம் அவருக்கு நீ சொன்னியா?"

நான் சொல்லியிருக்கவில்லை.

சங்கராந்திக்கு மறுநாள் அவரே வந்தார். ஜீப்பில் இல்லை, சொந்த ஸ்கூட்டரில். தூக்கு ஹாண்டில்பாரில் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் கொடுத்து அனுப்பினார்கள் என்று கூச்சத்தோடு நீட்டினார். அக்கா இரண்டு கையாலும் வாங்கி மூடியைத் திறந்தாள். எள்ளு பெல்ல. சங்கராந்திக்குக் கன்னட வீடுகளில் எள்ளையும் வெல்லத்தையும் கொப்பரையையும் பொடியாக நறுக்கிக் கலந்து பகிர்ந்துகொள்வார்களே, அது. பிசுபிசுத்துவிடக் கூடாது என்று அந்த வீட்டம்மா கவனமாக ஒரு பையில் போட்டுக் கட்டி, அதைத் தூக்குக்குள் வைத்திருந்தார்.

வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய வெள்ளைப் பை.

அக்கா எள்ளு பெல்லத்தைத் தட்டில் கொட்டினாள். காலிப் பையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தேய்த்தாள்.

"இது நடியல்ல சார்" என்றாள்.

அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், அந்தச் சிரிக்காத முகத்தில் அப்படியொரு சிரிப்பு இருந்திருக்கும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிர்ச் சாரியில் லேத் நின்றுபோயிற்று. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு என்ன என்று பார்க்க வந்தார். அக்கா பையை நாலாக மடித்து அதிகாரியிடமே கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா தூக்கைக் கழுவிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். நான் அதில் சாம்பாரை ஊற்றி, மூடியை அழுத்தி, அவர் கையில் கொடுத்தேன்.