வளைவின் மேல் இருந்த நீல வரி

1. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, தை மாதத்தில், கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்துச் சனிக்கிழமை பிற்பகல், எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் எல்லாச் சபையாரும் சேர்ந்த செபக்கூட்டம் நடந்தது.
2. அதற்கு முன் மாதா சுரூபம் துணியால் மூடப்பட்டது.
3. கொழும்பிலிருந்து வந்த பாஸ்டர் ஒருவர் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.
4. பீடத்துக்கு மேலே வளைவில் எழுதியிருந்த வரியை நான் வாசித்தேன்.
5. நான் வாசிக்கவில்லை.

நான்காவதும் ஐந்தாவதும் முரண்படுகின்றன. இரண்டையும் நீக்க முடியாது. காரணத்தைச் சொல்ல, கண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

என் வலக் கண் பார்வையில் பின்தங்கியது. புத்தளம் ஆஸ்பத்திரியில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் நல்ல இடக் கண்ணைப் பிளாஸ்டரால் மூடி, வலக் கண்ணால் எழுதவும் வாசிக்கவும் செய்ய வேண்டும். “இது சோம்பேறிக் கண். சின்ன வயசிலயே பழக்கிப்போடணும், பிந்தினா பழகாது” என்று தாதி அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். அம்மா ஒழுங்காகத்தான் செய்தார். பின்னேரம் நாலு மணிக்குப் பிளாஸ்டர், ஆறு மணிக்கு அதைப் பிய்த்தல். அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த நேரம் பார்த்து வாசலில் நின்று, “என்ன கடல்கொள்ளைக்காரி, இண்டைக்கு எந்தக் கப்பலப் பிடிச்ச?” என்பார். நான்கு மாதத்தில் பெரிய எழுத்துகள் வலக் கண்ணுக்குப் பிடிபடத் தொடங்கியிருந்தன.

முந்தலுக்கு மேற்கே, உப்பங்கழியான களப்புக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் ஊர். மாமா கோயிலைப் பார்த்துக்கொண்டார்: மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, கதவு பூட்டுவது. அம்மா கோயிலின் அருங்கொடைச் செபக்குழுவில் இருந்தார். கையை உயர்த்திப் பாடுவார்கள், சிலர் பரவசத்தில் விழுவார்கள். அந்தக் குழுதான் பிரதான வீதியில் இருந்த, சுரூபங்களை ஏற்காத பெந்தகோஸ்தே சபையாரை அழைத்தது. சபையார் தங்களுடைய பெரிய பாஸ்டரை அழைத்து வந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மாமா ஏணியில் ஏறி மாதாவை ஊதாத் துணியால் மூடிக்கொண்டிருந்தார். அது தவக்காலத்தின் கடைசியில், பாடுகளை நினைத்துச் சுரூபங்களுக்குப் போடும் துணி. தை மாதத்தில் அதைப் பார்த்ததும் ஏணியடிக்கு ஓடினேன்.

“மாமா, பெரிய வெள்ளி வந்திட்டா?”

“இல்ல புள்ள. வாறவங்களுக்கு மாதாவப் பாக்க ஏலாதாம்.”

“மாதா என்ன செஞ்சவ?”

மாமா முடிச்சை இறுக்கினார். “ஒண்டும் செய்யல்ல. அதான் மூடுறம்” என்றார்.

கூட்டத்தில் பாட்டு முடிய ஒரு மணித்தியாலம் ஆனது. பிறகு பாஸ்டர் சுகம் வேண்டியவர்களை அழைத்தார். அம்மா என் கையைப் பிடித்து முன்னே இழுத்துப்போய், வலக் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு முழங்காலில் நின்று அழுதார். பாஸ்டர் என் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கையால் இடக் கண்ணைப் பொத்தினார். மற்றக் கை என் தலையில் இருந்தது. அந்தக் கைகளில் ஒடிகொலோன் மணந்தது. ஒலிபெருக்கியில் அவர் கத்தியது என் பல்லில் அதிர்ந்தது.

“இப்ப பார் மகள்! மேல என்ன எழுதியிருக்கு?”

பார்த்தேன். வெள்ளையில் ஒரு நீலக் கறை.

“தெரியல்ல.”

“விசுவாசத்தோட பார்!” கை இன்னும் பாரமானது. பின்னால் நூறு பேர் ஒரே மூச்சில் செபித்தார்கள். அம்மா என் சட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “சொல்லு மகள், சொல்லு” என்றார்.

அந்த வளைவில் ஒரு வேதவசனம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் மறைக்கல்வி வகுப்பு தொடங்குமுன், எங்கள் பங்குச் சாமியார் பிரம்பால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்காட்ட, நாங்கள் எல்லோரும் அதைக் கத்தி வாசிப்போம். நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

கோயில் ஆரவாரத்தில் வெடித்தது. பாஸ்டர் என் கண்ணாடியை உயர்த்திக் காட்டி, முன்னம் சுகம் பெற்றவர்கள் விட்ட ஊன்றுகோல்களும் மருந்துப் போத்தல்களும் கிடந்த பெட்டிக்குள் போட்டார். “இனி இது வேணாம். திரும்பப் போட்டா அது சந்தேகம். சந்தேகப்பட்டா சுகம் போயிடும்.”

கை விலகியதும் இடக் கண்ணால் சாமியாரைத் தேடினேன். துணி மூடிய மாதாவுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் கை தட்டினார்.

வீட்டில் அம்மா மிச்சமிருந்த பிளாஸ்டர்களை அடுப்பில் போட்டார். கட்டாரில் வேலைக்குப் போயிருந்த அப்பா தொலைபேசியில் சந்தோசத்தில் அழுதார். மாமா மட்டும், “அக்கா, கிளினிக் திகதிக்கு ஒருக்கா கொண்டுபோய்க் காட்டு” என்றார். “விசுவாசமில்லாத கதை என்ட வீட்டில வேணாம்” என்றார் அம்மா. ஒரு மாதம் அவர்கள் கதைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிய நான் சாமியாரின் பின்னால் போய் நின்றேன்.

“பாதர், எனக்கு எழுத்துத் தெரியல்ல. பாடமாத்தான் சொன்னன்.”

“தெரியும் மகள்” என்றார்.

நான் காத்திருந்தேன். அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இத ஆரிட்டயும் சொல்லாத. எத்தின வருசத்துக்குப் பிறகு எல்லாரும் ஒண்டா இருந்து செபிச்சிருக்கிறம். வந்தவங்கட மனம் நோகும். அம்மாவும் சந்தோசமா இருக்கிறா.” செபப்புத்தகத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துத் தந்தார். கண் நோய்க்காக மன்றாடும் புனித லூசியா, தன் இரண்டு கண்களையும் ஒரு தட்டில் ஏந்தி நின்றாள்.

நான் ஓடி வந்தேன். என் பொய்யை அவர் மன்னித்துவிட்டார் என்று அவ்வளவு நிம்மதி. “தெரியும்” என்ற சொல்லை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வயதில் பாடசாலைப் பரிசோதனையில் பிடிபட்டேன். ஆஸ்பத்திரி டொக்டர் பழைய கிளினிக் அட்டையைப் புரட்டிப் பார்த்து, ஏன் இடையில் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். காலம் பிந்திவிட்டது, அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

ஏழு வயதில் எனக்கு விளங்காதது இதுதான்: அந்தக் கோயிலில் பொய் சொன்னவள் நான் ஒருத்தி மட்டும் அல்ல. அந்த வரியைப் பாடமாகத் தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. அவர்களுடைய தாய்மாருக்கும் அது தெரியும். பாஸ்டர் அந்நியர், அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தவர்கள் எங்கள் ஆட்கள். ஒன்றிப்பு என்று இரு தரப்பும் அன்று கட்டியது, ஒருவரையொருவர் கேள்வி கேட்காமல் இருப்பதற்கான ஓர் ஒப்பந்தம். சபையார் தங்கள் பங்குக்கு எங்கள் கோயிலுக்குள் வந்தார்கள், நாங்கள் எங்கள் பங்குக்கு மாதாவை மூடினோம், பிறகு வாயை மூடினோம். சாமியாரும் சபையாரும் பழையபடி சண்டை பிடித்துக்கொண்டு இருந்திருந்தால் என் கண் தப்பியிருக்கும். ஒரு கிறிஸ்தவப் பெண் எழுதக்கூடாத வசனம் இது. வேறு விதமாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

இப்போதைய நிலை: நான் முந்தலில் ஓர் இறால் பண்ணையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நுண்ணோக்கியில் இடக் கண்ணால் மட்டும் பார்க்கிறேன். தை மாதக் கூட்டம் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. ஊதாத் துணியை இப்போது வேறொருவர் கட்டுகிறார், மாமா அந்த வேலையை விட்டுவிட்டார். அம்மா ஒவ்வொரு வருடமும் எழுந்து நின்று என் சுகத்துக்குச் சாட்சி சொல்கிறார். நான் பக்கத்தில் இருக்கிறேன். இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.