பதினாறு மணி நேர வெளிச்சம்

"நாப்பதாயிரம் கோழி பத்தலீன்னு இதொண்ணு வேணுமாக்கும்?" என்று என் கணவர் கேட்டார். கேட்டது எங்கள் மகளை; முறைத்தது என்னை. நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் வீடு எங்களுடையது. ஒரு கிளி வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

நான் காலையில் வங்கிக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவேன். அவருக்குப் பண்ணையே கதி. மகளுக்குப் பள்ளிக்கூடம், டியூஷன். யாருக்கும் நேரமில்லாத இந்த வீட்டுக்கு எந்தக் கிளி தோதுப்படும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்துக் கடையில் போய் நின்றோம்.

நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. "மனுசனாட்டவே பேசுங்க. அம்பது வருசங்கூட இருக்கும்" என்றார் கடைக்காரர். "ஆனா தெனமும் கூட உக்காந்து பேசோணும். இல்லீன்னா ஏக்கத்துல தன் றெக்கையத் தானே புடுங்கிக்கும்."

ஐம்பது வருடம் என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகும் இது இருக்கும். எங்கள் குரலிலேயே எங்கள் மகளைக் கூப்பிடும். அதற்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன். அடுத்த கூண்டில் இருந்த வண்ணக்கிளி போட்ட கூச்சலில் மகளே காதைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் காக்கடீல் என்கிற சின்னக் கிளி. சாம்பல் உடம்பு, மஞ்சள் பூத்த கொண்டை, கன்னத்தில் மங்கலாக ஓர் ஆரஞ்சுப் பொட்டு. அளவாகத் தின்னும், மெதுவாக விசிலடிக்கும், பகலில் கொஞ்சம் தனியாக விட்டாலும் சமாளித்துக்கொள்ளும், சாயங்காலம் மட்டும் யாராவது கூட இருக்க வேண்டும் என்றார் கடைக்காரர். "தடுப்பூசியெல்லாம் உண்டுங்களா?" என்று என் கணவர் கேட்க, அந்த மனிதர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பண்ணைக்கு வரும் கோழி மருத்துவருக்குக் கிளியே பிடிக்கவில்லை. ஒன்றின் நோய் மற்றதற்குத் தாவிவிடும், பண்ணைக்குள் போகிறவர் கிளியைத் தொடவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். எனவே என் கணவர் தினமும் குளித்து, துணி மாற்றி, கூடத்து வாசற்படியிலேயே நின்று விசிலடிப்பார். அது கொண்டையைத் தூக்கிப் பதில் விசில் கொடுக்கும். பிறந்ததிலிருந்து கோழிகளோடு கிடக்கிற மனிதருக்கு அன்றுவரை ஒரு பறவையும் பதில் சொன்னதில்லை. வாயெல்லாம் பல்லாக நிற்பார்.

தொடத்தான் கூடாது, வேறென்ன செய்யலாம் என்று யோசித்திருக்கிறார். ஒருநாள் மகளை ஏணியில் ஏற்றிக் கூண்டுக்கு மேலே ஒரு பல்பும் டைமரும் மாட்ட வைத்தார். பண்ணையில் எப்படியோ அப்படியே. "பதினாறு மணி நேரம் வெளிச்சம் குடுத்தாத்தான் பறவை தெம்பா இருக்கும் புள்ள." கோழி வளர்த்தவர் சொல்கிறார், நான் என்னத்தைக் கண்டேன்?

சில வாரங்களில் கூண்டின் அடியில் ஒரு முட்டை கிடந்தது. ஆண் துணையில்லாமல் முட்டையிடுவது எங்கள் ஊரில் அதிசயமே இல்லை. ஆனால் அது நிறுத்தவில்லை. இட்டது, மறுபடி இட்டது. பிறகு ஒரு காலையில் இறகுகளை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது. மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது. இவர் வாசற்படியிலிருந்து பார்த்த பார்வையிலேயே சொல்லிவிட்டார்: "முட்டை அடைச்சுக்கிச்சு. விட்டாப் போயிரும்."

துண்டில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அவர் காரை ஓட்டினார். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. இவ்வளவு வேகமாக ஓர் உயிர் ஓட முடியுமா என்று பயமும் பிரமிப்புமாக உட்கார்ந்திருந்தேன். "பண்ணைல ஒண்ணு இப்படி இருந்தா எடுத்து வெளிய போடச் சொல்லீட்டுப் போயிருவேன்" என்றார் அவர்.

பறவை மருத்துவர் கால்சியம் ஊசி போட்டு, கதகதப்பான பெட்டிக்குள் வைத்தார். "ஊட்ல லைட்டு எப்பங்க அணைப்பீங்க?" என்று கேட்டார். இவர் நிமிர்ந்து, "அதெல்லாம் பதினாறு மணி நேரம் கரெக்டா குடுக்கறனுங்க" என்றார்.

மருத்துவர் இவர் பக்கம் திரும்பினார். "பண்ணைங்களா?"

"ஆமாங்க."

"அந்த வெளிச்சந்தானுங்க இதை முட்டை வெக்கச் சொல்லுது. பொழுது போனா இருட்டாக்கித் தூங்க உடுங்க."

எத்தனையோ வருடமாக எங்களுக்குச் சோறு போடுவது அந்த வெளிச்சம்தான். ஆனால் அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. கண்ணுக்குள் போகிற வெளிச்சம் வயிற்றில் முட்டையாகிறது. உள்ளங்கை அளவு உடம்பு, தனக்கு வலு இருக்கிறதா இல்லையா என்று பாராமல், வெளிச்சம் சொன்னதைக் கேட்கிறது. பெட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதியம் முட்டை வெளியே வந்தது. கிளி கண்ணைத் திறந்து, கொண்டையை லேசாகத் தூக்கியது. நான் அழுதுவிட்டேன்.

அன்று மாலை இவர் டைமரைக் கழற்றச் சொன்னார். பொழுது சாய்ந்ததும் மகள் கூண்டின்மேல் துணியைப் போர்த்தி, கூடத்து விளக்கை அணைத்தாள். கிளி ஒரு சின்னச் சத்தம் போட்டுவிட்டுத் தூங்கிப்போனது. அந்த இருட்டில் நாங்கள் மூவரும் ஏனோ அசையாமல் நின்றோம். சன்னலுக்கு வெளியே, வயலுக்கு அந்தப்பக்கம், எங்கள் கோழி ஷெட்டுகளின் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

"அந்தக் கோழிங்களுக்கும் இப்படித்தான வலிக்கும்?" என்றார் அவர்.

வெளிச்சம் கூண்டுவரை வருகிறதே என்று சன்னலைச் சாத்தப் போனேன்.

"கொஞ்சம் இரு புள்ள" என்றார். "இன்னுங் கொஞ்ச நேரம் பாக்கறேன்."