உழைப்பவற்றுக்கெல்லாம் பொட்டு

எங்கள் வீட்டில் பொருள்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு வந்தன. முதலில் வந்தது வேக்குவம் கிளீனர். மைசூர் விஜயநகரில் வீடு வீடாக ஏறி இறங்கிய ஒரு விற்பனையாளர் அதை எங்கள் கூடத்தில் ஓட்டிக் காட்டினார். அம்மா அன்று காலையில்தான் தரையைத் துடைத்திருந்தாள்; சிவப்புச் சிமென்ட் தரையில் உறிஞ்ச ஒன்றுமில்லாமல் அது வெறுமனே இரைந்தது. அப்பா இயந்திரத்தில் குறை காணவில்லை. வீட்டில் கம்பளம் இல்லாததே குறை என்று கண்டுபிடித்தார். கம்பளம் வந்தது. கம்பளத்தின்மேல் மடக்கு நாற்காலி பொருந்தவில்லை என்பதால் சோபா வந்தது. சோபா அழுக்காகிவிடக் கூடாதென்று, கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றவில்லை. உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அது நொறுக்குத்தீனி தின்பதுபோல் சத்தமிடும்.

எல்லாம் தவணையில் வந்தவை. தவணைகளுக்காக அப்பா நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலையில் ஓ.டி. பார்த்தார். ஓ.டி. என்பது நஞ்சன்கூட்டுக்கு அப்பால் உள்ள ஓர் ஊர் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அங்கே போனவர்கள் நான் தூங்கிய பிறகே திரும்புவார்கள். அந்த ஊரின் காரணமாகத்தான் தசரா பொருட்காட்சிக்கு என்னை அழைத்துப் போவதாக அப்பா கொடுத்த வாக்கு ஆண்டுதோறும் அடுத்த தசராவுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வந்த ஆயுத பூஜையன்றும் அப்படித்தான் ஆகவிருந்தது. இரவு ஷிப்டு முடித்துக் காலையில் திரும்பிய அப்பா, நண்பகலில் மறுபடி போவதாக இருந்தார். விடுமுறை நாளில் இரட்டைச் சம்பளம். தீபாவளிக்குள் வாஷிங் மெஷின். பொருட்காட்சி என்று நான் வாயெடுப்பதற்குள், "வர்ற தசராவுக்குக் கண்டிப்பா, கண்ணு" என்று சொல்லிவிட்டுச் சோபாவில் படுத்தார். உறை சத்தமிட்டு ஓய்வதற்கு முன்பே உறங்கிப்போனார்.

அம்மா என்னிடம் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் கொடுத்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பூஜைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. பொட்டு வைத்த பொருளை மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை வேலைக்குத் தொடக் கூடாது. அதற்காகவே அம்மா முந்தின நாளே மாவரைத்து வைத்திருப்பாள். நானும் கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் முதலாகப் பூஜையில் வைத்துவிடுவேன்.

"இந்த வீட்டுல உழைக்கிறது எதையும் விட்டுடாதே. எல்லாத்துக்கும் வை" என்றாள் அம்மா.

நான் சொன்னதைச் சொன்னபடி செய்யும் குழந்தை. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, பிரிட்ஜ், தையல் மிஷின், வாசலில் நின்ற ஸ்கூட்டர் என்று ஒவ்வொன்றாக வைத்து வந்தேன். வேக்குவம் கிளீனரிடம் சற்றுத் தயங்கினேன். அது உழைத்ததை நான் பார்த்ததில்லை. ஆனாலும் மனம் கோணக் கூடாதென்று சிறியதாக ஒன்று வைத்தேன். பிறகு சோபாவுக்கு வந்தேன். சோபா உழைக்கவில்லை. அதன்மேல் படுத்திருந்தவர் உழைப்பவர். சந்தனத்தைத் தொட்டு, அதன் நடுவே குங்குமம் அழுத்தி, அப்பாவின் நெற்றியில் பிரிட்ஜுக்கு வைத்த அளவிலேயே ஒரு பொட்டு வைத்தேன். குளிர்ச்சி பட்டும் அவர் அசையவில்லை. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே போனாள்.

நண்பகலில் தொழிற்சாலை வேன் வந்து ஒலியெழுப்பியது. துள்ளியெழுந்த அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

"யார் வேலை இது?"

"குழந்தை வச்சிருக்கா. பொட்டு வச்சாச்சுன்னா வச்சதுதான். நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்" என்றாள் அம்மா.

"நான் என்ன மிக்சியா?"

"மிக்சிக்காவது நடுவுல சூடு ஆறணும்னு நிறுத்தி வைக்கறோம்."

அப்பா வாசலைக் காட்டினார். "அங்க பாரு, வேனுக்கும்தான் மாலை, பொட்டு, வாழைக்கன்னு எல்லாம் கட்டியிருக்கு. அது ஓடலையா?"

"அது கம்பெனி வண்டி, அதைக் கம்பெனிச் சாமி பாத்துக்கும். நான் என் வீட்டு ஆயுதத்தைப் பத்திப் பேசறேன்."

அப்பா விடவில்லை. தொழிற்சங்கக் கூட்டங்களில் பேசிப் பழகியவர். "சரி, உன் நெத்தியிலயும்தான் பொட்டு இருக்கு. நீ மட்டும் சமைக்கறியே, அது எந்தச் சட்டம்?"

அம்மா ஒரு கணம் யோசித்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். உறை நீண்ட சத்தமிட்டது. அம்மா அதில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல்முறை.

"நீங்க சொல்றது நியாயம். நானும் இன்னிக்கு லீவு" என்றாள்.

இதற்குள் வேன் ஓட்டுநர் வாசலுக்கே வந்துவிட்டார். மண்டியாக்காரர், எங்களுக்காகக் கன்னடத்தைத் தமிழில் தோய்த்துப் பேசுவார். விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "அய்யோ, இதுக்கு ஏன் சார் ஜகளா? முகம் கழுவிட்டு பேக பன்னி, சீக்கிரம் வாங்க. குங்குமம் போச்சு, சண்டையும் போச்சு, அஷ்டே!"

அவ்வளவு எளிய வழி இருப்பது எனக்குத் தோன்றவேயில்லை. அப்பா குளியலறைக்குப் போனார். குழாய் திறக்கும் ஓசை கேட்டது. பொருட்காட்சியின் ராட்டினம், டெல்லி அப்பளம், விளக்கெரியும் அரண்மனை எல்லாம் அந்தக் குழாய் நீரோடு போவதைக் கேட்டபடி நான் சிமிழை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீர் நெடுநேரம் ஓடியது. அம்மா கம்பளத்தின் பூவேலையை அன்றுதான் வந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வெளியே வந்தார். கன்னங்களிலும் தாடையிலும் நீர் சொட்டியது, காலர் நனைந்திருந்தது. நெற்றியில் பொட்டு, நான் வைத்தபடியே வட்டம் கலையாமல் இருந்தது.

"போகமாட்டேங்குதுப்பா" என்றார் ஓட்டுநரிடம்.

ஓட்டுநர் அப்பாவின் நெற்றியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "ஸ்ட்ராங் குங்குமம் சார்" என்று தலையாட்டிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஸ்கூட்டருக்கும் பொட்டு இருந்ததால் மாலையில் நகரப் பேருந்தில் போனோம். அதற்கும் மாலை கட்டியிருந்ததை அப்பா சுட்டிக்காட்ட, அம்மா கேளாதவள்போல் ஏறி உட்கார்ந்தாள். ராட்டினத்தில் அப்பா பயந்து அலறினார். அப்பளம் என் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. பொருட்காட்சியில் வாஷிங் மெஷின் ஒன்று இயங்கிக்கொண்டிருந்த கடைமுன் அப்பா சற்று நின்றார். அம்மா அவர் கையில் மிச்ச அப்பளத்தைக் கொடுத்து நகர்த்தினாள். மறுநாள் காலைப் பூஜை முடிந்ததும் எல்லாம் வேலைக்குத் திரும்பின, அப்பாவும். வாஷிங் மெஷின் தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வந்தது.

பொருட்காட்சியிலிருந்து வந்ததும் நான் முகம் கழுவினேன். அதே சிமிழிலிருந்து என் நெற்றியில் வைத்திருந்த பொட்டு ஒரு கை நீருக்கே கரைந்து, மூக்கின் வழியாகச் சிவப்பாக வடிந்து போய்விட்டது. அப்பாவுடையது மட்டும் ஏன் போகவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் சிரிப்பை அடக்க வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பெரியவர்களுக்கு நெற்றித் தோல் வேறு விதம் போலும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.