சேனை வைக்க ஓர் ஆள்

என் மனைவிக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "உங்க தாய்மாமன் கை மட்டும் எம்புள்ள வாயில பட்டுடக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். குழம்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று நான் அப்போதுதான் சொல்லியிருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு அதன் நாக்கில் வைப்பார்கள். அதற்குச் சேனை வைப்பது என்று பெயர். யார் வைக்கிறாரோ அவர் குணம் குழந்தைக்கு அப்படியே வந்துவிடும் என்பது நம்பிக்கை. நான்தான் நம்பிக்கை என்கிறேன். எங்கள் சனங்களைக் கேட்டால் சட்டம் என்பார்கள். ஒருவன் அதிகமாகத் தூங்கினாலும், பொய் சொன்னாலும், சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாலும், ஊரில் முதலில் எழும் கேள்வி, "இவனுக்கு யாரு சேனை வெச்சது?" என்பதுதான். எனக்கு வைத்தவர் என் தாய்மாமன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் இலை போட்டதும் எல்லோரும் சாப்பிடுவார்கள், அவர் பார்ப்பார். அப்பளம் நமுத்துவிட்டது, பொரியலில் தேங்காய் முற்றல், மாப்பிள்ளைக்கு இடது காது சற்றுப் பெரிது என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். தன் சொந்தக் கல்யாணத்தில் தாலியைக் கையில் வாங்கியவர், மேளக்காரரைப் பார்த்து, "நாயனம் ஒரு பக்கமா இழுக்குதுங்களே" என்று சொல்லி முகூர்த்தத்தை நிறுத்தி வைத்தவர். அந்த மனிதரின் விரல்தான் என் நாக்கில் பட்டது.

அதனால் பிழைப்புக் கெட்டது என்று சொல்ல முடியாது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில், சூளையிலிருந்து இறங்கும் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிப்பது என் வேலை. நல்ல கட்டை டிங் என்று பேசும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் செத்துப் போய் வரும். பத்து வருடம் காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையே செய்தவன் மனிதர்களை மட்டும் சும்மா விடுவானா? வீட்டுக்கு வருகிறவரை இரண்டு வார்த்தை பேச விட்டு, செகண்ட்ஸா, ரிஜக்டா என்று மனதுக்குள் ஒதுக்கிவிடுவேன். முதல் தரம் என்று யாரையும் வைத்ததாக ஞாபகமில்லை. என் மனைவியைத் தவிர, என்று இங்கே எழுதிவிடுவது நல்லது. இதை அவள் படிப்பாள்.

"அப்ப யாருதான் வெக்கிறது?" என்று கேட்டேன்.

"நீங்கதான ஊருல ஒருத்தர் விடாம தட்டிப் பாக்குறீங்க. நல்ல ஆளா ஒருத்தர பாத்து சொல்லுங்க. எங்கப்பா வேணாம். வாயத் தொறந்தா மூட மாட்டாரு."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் நிஜமாகவே பயம் வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் கீறலை முதலில் பார்க்கிறவன் சந்தோஷமாக ஒரு வாய் சோறு தின்ன முடியாது. எங்களை ஒரு முறை விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் மறு முறை கூப்பிடுவதில்லை. இந்தக் குணம் என் பிள்ளைக்கு வேண்டாம். சின்ன வயதில், இவரைப் போல ஆக வேண்டும் என்று யாரையெல்லாம் பார்த்து வாயைப் பிளந்தேனோ, அவர்களில் ஒருவரைப் பிடித்து வருவது என்று முடிவு செய்தேன்.

முதலில் நினைவுக்கு வந்தவர், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து எங்கள் ஊர் வழியாக வரும் தனியார் பஸ்ஸின் கண்டக்டர். உள்ளே சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். ஓடுகிற பஸ்ஸின் கடைசிப் படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, காற்றில் தலைமுடி பறக்க விசில் அடித்துக்கொண்டு வருவார். அவரைப் போலவே நானும் எங்கள் வாசற்படியில் ஒற்றைக் காலில் தொங்கி முன்பல்லை உடைத்துக்கொண்டேன். விசாரித்துப் போய் அவரைக் கண்டுபிடித்தேன். ரிட்டயர்டு ஆகி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தைரியத்தைப் பற்றி நான் உருகிப் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"தைரியமெல்லாம் இல்ல தம்பி. எனக்கு பஸ்ஸுக்குள்ள உக்காந்தா வாந்தி வந்துடும். அதான் படியிலயே நின்னுக்கிட்டு வருவேன்" என்றார்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்தவர் என் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். அவர் விசில் ஊதினால் பள்ளி மைதானத்தில் காக்காய்கூட அசையாது. பிந்தி வந்தவனைப் பத்து ரவுண்டு ஓட விடுவார். அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை, ஒருநாள் பாலக்கரையில் அவரே கை காட்டி என் வண்டியை நிறுத்தி ஏறிக்கொண்டார். எங்கே சார் என்று கேட்டேன். எதிர்ச்சாரியில் ஐம்பதடி தள்ளியிருந்த வெற்றிலைக் கடையைக் காட்டினார். அவர் ஓடி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்படி ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்ததில் எல்லோரும் ரிஜக்ட் குவியலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பட்டியலில் சேர்க்கவே சேர்க்காத ஒருவர் உண்டு. அது என் அப்பா.

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்தில் ஏதோ கொஞ்சம் நிலம் வைத்துக் கரும்பு போடுகிறவர். நல்லவர் என்று ஊரே சொல்லும். ஆனால் எனக்கு அவரோடு வெளியே போவதென்றால் மானம் போகும். எந்தக் கட்டடத்தைக் கண்டாலும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார். பாங்க், கரண்டு ஆபீஸ், போட்டோ ஸ்டூடியோ எல்லா இடத்திலும் வெறுங்கால்தான். ஒரு முறை சைக்கிள் கடை வாசலில் கழற்றிவிட்டுப் போய், உள்ளே கிரீஸை மிதித்துக்கொண்டு வந்தார். யார் அதட்டினாலும் "சரிங்க" என்பார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, "கொஞ்சம் வெளியே நில்லுங்க" என்று யாரோ சொன்னதற்காக மத்தியானம் வரை வேப்ப மரத்தடியில் நின்றார். சொன்னவர் மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஆறு வயதில் முடிவு செய்தேன், எதுவாக ஆனாலும் ஆவேன், இவரைப் போல மட்டும் ஆக மாட்டேன் என்று.

ஆள் கிடைக்காமலேயே எனக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் சொந்தம் மொத்தமும் நின்றது. மாமனார் ஒரு பாட்டிலில் தேன் கொண்டுவந்து, அந்தத் தேன் எந்த மலையில் எடுத்தது என்று ஆரம்பித்திருந்தார். யாரும் கூப்பிடாமலே தாய்மாமன் சர்க்கரைத் தண்ணீரைச் சின்ன டம்ளரில் கலந்து வந்து, தானே ஒரு வாய் குடித்துப் பார்த்து, "சக்கர கொஞ்சம் கம்மி" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு ஓரமாக நின்றார். காலையிலேயே சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். பத்து விரல்களிலும் நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. சேனை வைக்கத் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் நர்ஸம்மா வந்தார். "இன்னா டம்ளரு அது? பொறந்த புள்ளைக்குத் தாய்ப்பால தவுர ஒரு சொட்டு எதுவும் உள்ள போவக் கூடாது" என்று சொல்லி, தாய்மாமன் கையிலிருந்ததை வாங்கிக் கை கழுவும் தொட்டியில் கொட்டினார். தாய்மாமன் வாயடைத்து நின்றதை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். மாமனார் தேன் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு கேட் பக்கம் நடந்துவிட்டார். நர்ஸம்மா எங்கள் எல்லோருடைய கால்களையும் வரிசையாகப் பார்த்தார்.

"செருப்போட வார்டு வரைக்கும் வந்துருக்கீங்க. ஒருத்தருக்காவது புத்தி இருக்குதா? எல்லாம் வெளிய போங்க. பெரியவரே, நீங்க மட்டும் உள்ள போயி புள்ளய பாருங்க."

பெரியவர் என் அப்பாதான். அவர் செருப்பு மெயின் ரோடு கேட்டிலேயே கிடந்தது.

"சிஸ்டர், நான்தான் கொழந்தையோட அப்பா" என்றேன்.

"அப்பான்னா? செருப்பு ஒடம்போட ஒட்டியா பொறந்துச்சு? கழட்டிட்டு, கையக் கழுவிட்டு வா."

உள்ளே மனைவி கண்ணை மூடிக் கிடந்தாள். அப்பா குழந்தையை இரண்டு கைகளிலும் ஏந்தி, மூச்சு விடவும் பயந்தவர்போல நின்றார். யாரும் பக்கத்தில் இல்லை. எனக்கு மனது இளகிவிட்டது. பாவம், இவ்வளவு ஆசையோடு வந்திருக்கிறார், என் பெண் கொஞ்சம் பயந்த சுபாவமாக வளர்ந்தால்தான் என்ன என்று தோன்றியது. பெருந்தன்மையாக, "சக்கர இல்லன்னா என்னப்பா, வெறும் வெரல வெச்சு நீங்களே சேனை வெச்சிடுங்க" என்றேன்.

அவர் பதறிப்போனார். "நானா? ஐயய்யோ, வேணாம்டா."

"அப்ப நகத்தையெல்லாம் வெட்டிக்கிட்டு வந்தீங்க?"

"புள்ளய தூக்கணும்ல. கீறிடுச்சின்னா?" என்றவர், குழந்தையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "எங்கொணம் எதுக்குடா இதுக்கு? எனக்குப் போற எடத்துல வாயே வராது. உன்ன மாதிரி இருக்கட்டும். தப்ப தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு நம்ம வூட்டுல நீ ஒருத்தன்தான். எனக்கு எவ்ளோ பெரும தெரியுமா? நீ வையி."

என்னைத் தட்டிப் பார்த்து முதல் தரம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். நான் அவரைத் தட்டிப் பார்க்காமலே ஒதுக்கி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கழுவிய சுட்டுவிரலை மகளின் உதட்டில் வைத்தேன். அவள் முகத்தைச் சுளித்தாள், பிறகு வார்டே அதிரும்படி வீறிட்டாள்.

நர்ஸம்மா ஓடி வந்தார். "வாயில இன்னா வெச்சீங்க? எவ்ளோ சொல்லியும் கேக்காம, யாரு அது?"

தப்பைத் தப்பென்று சொல்லும் ஆளான எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பா ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"நான்தாங்கம்மா. தெரியாம வெச்சிட்டேன். அவன ஒண்ணும் சொல்லாதீங்க."

நர்ஸம்மா அவரை நிற்க வைத்து, வயதுக்குத் தகுந்த புத்தி இல்லையா என்பதில் தொடங்கி ஐந்து நிமிடம் திட்டினார். அவர் அத்தனையையும் வாங்கிக்கொண்டார். குழந்தை அவர் கையில் அழுகையை நிறுத்தியிருந்தது. நான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

நர்ஸம்மா போன பிறகு, "அப்பா, நான் வெச்சது செல்லாது. நீங்க வைங்க" என்றேன்.

"நான்தான் வெச்சேன்னு இப்பதான அந்தம்மாகிட்ட சொன்னேன். ரெண்டாவது வாட்டி வெச்சா அடிக்கும்டா" என்று சிரித்தார்.

கட்டிலிலிருந்து மனைவி கண்ணைத் திறக்காமலே, "உங்கப்பாவையே வெக்கச் சொல்லுங்க. நான் வாசலப் பாத்துக்கிறேன்" என்றாள்.