சம்மந்தி வீட்டுக் கூரை ஓரம்

கிங்ஸ்பரியில குமுதினி வீட்டுக் கூரை ஓரத்துச் சாந்து திரும்பவும் விழுந்திட்டுது. வீட்டுப் பக்கமாக் குப்பைத் தொட்டி வைக்கிற நடைபாதையில, சரியாக் கால் வைக்கிற இடத்தில, செங்கல்லில பாதியளவு சீமெந்துக் கட்டி. கொஞ்சம் முந்தித்தான் மகள் லோஜினி அதால வேலைக்குப் போனவள். குமுதினிக்கு வயிறு பத்தி எரிஞ்சுது.

எரியாதோ பின்னை? பள்ளிக்கூடக் குசினியில நிண்டு நிண்டு கால் வீங்கி வாங்கின வீடு. பக்கச் சுவருக்கு மேல சரிஞ்சு இறங்கிற ஓட்டு விளிம்புக்கு என்ன போடுறதெண்டு அவள் அப்பவே சொன்னவள். சாந்து வேண்டாம், ஓட்டு நுனியில ஒண்டோட ஒண்டு கொழுவி இறுக்கிற பிளாஸ்டிக் மூடி போடுவம், அது வெடிச்சு விழாது எண்டு. ஆர் கேட்டது?

வேலைக்கு வந்தவர் நவரத்தினம். லோஜினியைக் கட்டப்போற லக்‌ஷனுக்குச் சித்தப்பா, மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிவிட்ட ஆள். பிரான்சில கன காலம் கூரை வேலை செய்தவராம். "தங்கச்சி, பிளாஸ்டிக் எல்லாம் விளையாட்டுச் சாமான். சாந்துதான் வீட்டுக்கு லட்சணம்" எண்டார். பழைய சாந்தைக் கிளறி எடுக்காமல் அதுக்கு மேலேயே புதுசைப் பூசிப்போட்டு இறங்கினார், அதுவும் சாந்து இறுகாத உறைபனி நாளில! விழுந்தது எண்டு சொன்னால், "காத்துத் தங்கச்சி, காத்து" எண்டு சிரிச்சுக்கொண்டு வந்து திரும்ப அதையே பூசுவார்.

புருசன் செல்வரத்தினத்தின்ரை வாயில கொழுக்கட்டை. "இஞ்சரும், மாப்பிள்ளைப் பகுதி ஆள். கலியாணம் முடியுமட்டும் பேசாமல் இரும். முறிச்சுக் கதைச்சால் பிள்ளையின்ரை வாழ்க்கையெல்லோ" எண்டார். பிள்ளைக்காக அவளும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு, கலியாணத்துக்கு நாள் வைக்க மாப்பிள்ளை வீட்டுக்கு, இல்ஃபோர்டுக்குப் போச்சினம். காரால இறங்கின குமுதினி தற்செயலா மேல பாத்தாள். பாத்தபடியே நிண்டிட்டாள். அந்தக் கூரை ஓரம் முழுக்க, உச்சியில இருந்து கீழ் மட்டும், கறுத்தப் பிளாஸ்டிக் மூடி. மருந்துக்கும் சாந்து இல்லை.

உள்ளுக்கு நவரத்தினம் சோபாவில இருந்து வடை சாப்பிடுறார். லக்‌ஷன்ரை தாய் சுவர்ணா தேத்தண்ணியை நீட்டினா. குமுதினி வாங்கேல்லை.

"உங்கட கூரைக்குப் பிளாஸ்டிக் எப்ப போட்டனீங்கள்?"

செல்வரத்தினம் முழங்கையால இடிச்சார். சுவர்ணாவின்ரை முகம் செத்துப்போச்சு.

"இவர் பூசினது விழுந்து எங்கட கார்க் கண்ணாடி உடைஞ்சது. பிறகு வேற ஆளைப் பிடிச்சுச் செய்வித்தனாங்கள். என்ரை மனுசன்ரை கூடப்பிறந்த தம்பி, எப்பிடி மூஞ்சைக்கு நேர சொல்லுறது அக்கா?"

"அது இவையின்ரை விருப்பம்" எண்டு நவரத்தினம் முணுமுணுத்தார். இந்தமுறை சிரிக்கேல்லை.

குமுதினி எழும்பி நிண்டாள். "உங்கட குடும்பம் குழம்பாமல் இருக்க என்ரை பிள்ளையின்ரை தலையிலயோ விழவேணும்? தெரிஞ்சுகொண்டெல்லோ இவரை எங்களிட்ட அனுப்பினீங்கள்! நாளைக்கு அவள் இந்த வீட்டுக்கு வந்தாப்பிறகு இன்னும் என்னென்னத்தை மறைப்பியள்?"

லோஜினி எழும்பி வந்து தாய்க்குப் பக்கத்தில நிண்டாள். சுவர்ணாவுக்குக் கண் கலங்கியிட்டுது.

"பிழைதான் அக்கா. அப்ப... நாள் வைக்கிறேல்லையோ?"

"வைப்பம். முதல்ல அந்தக் கூரைக்காரன்ரை நம்பரைத் தாங்கோ. அவன் வந்து இந்தாளின்ரை சாந்தை அடியோட கிளறி எடுக்கட்டும். அதுவரைக்கும் நாளும் இல்லை, நல்ல நேரமும் இல்லை."

செல்வரத்தினம் மனுசியை ஒருக்கால் நிமிர்ந்து பாத்தார். பிறகு போனைக் கையில எடுத்து, "சொல்லுங்கோ, நான் அடிக்கிறன்" எண்டார்.